ழான் பேகம்

திருகோணமலைக்கு வடக்கே, சல்லிக் கடற்கரையில் நின்று நோக்குவோர்க்குத் தோன்றும் கடல், பல நாட்டுக் கொடிகளைக் கண்ட கடலாகும். 1672-ஆம் ஆண்டில் தெ லா ஹே என்னும் தளபதியின் பிரெஞ்சுக் கப்பல்கள் இத்துறைமுகத்தை அடைந்தன. ஒல்லாந்தரின் எதிர்ப்பினால் இங்கு நிலைக்க இயலாமற் போகவே, அவை சோழமண்டலக் கரையிலுள்ள சாந்தோமை நாடிச் சென்றன. சாந்தோமும் கைவிட்டுப் போன 1674-இல், பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் குடியேற்றத்தை நிலைநாட்டினார்.

இவ்வரலாற்றில் தளபதிகளின் பெயர்களே மலிந்து கிடக்கின்றன. அவர்தம் இல்லங்களில் வாழ்ந்த பெண்கள் யாவர்? பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்த மகளிர் மிகச் சிலரே. ஆதலின், குடியேறியோர் பலர் இந்நாட்டிற் பிறந்த போர்த்துக்கீசிய வழியினரின் குடும்பங்களிற் பெண் கொண்டனர். அத்தகைய ஓர் இல்லத்தில் 1706-இல் புதுச்சேரியிற் பிறந்தவர் ழான் அல்பேர். தந்தையார் கும்பினியின் மருத்துவர். தாயார் எலிசபெத் ரோசா தெ காஸ்திரோ.

ழானுக்குப் பதின்மூன்றாம் வயதிலேயே, 1719-இல், வேன்சான் என்னும் வணிகருடன் மணமாயிற்று. பல மக்களைப் பெற்றபின், 1739-இற் கைம்பெண்ணானார். 1741-இல் துய்ப்ளேயை மணந்தார். மறு ஆண்டு கணவர் புதுச்சேரியின் ஆளுநரானார். பாரிசில் வளர்ந்த சீமாட்டியர்க்கு இல்லாத ஒரு செல்வம் இவ்வம்மையாரிடம் இருந்தது. அஃது அவர் அறிந்திருந்த தமிழ் மொழியே. அதன் துணையால் ஊர்ச் செய்திகளைத் திரட்டினார், ஒற்றரை ஏவினார், சுதேச மன்னர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தினார். 'ழான் பேகம்' என்ற பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. பதவி ஏதுமின்றியே அவர் அதிகாரம் செலுத்தினார்.

இவரைப்பற்றி விரிவாக எழுதி வைத்தவர், துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய நாட்குறிப்பு அம்மையாரின் பேராசையையும் தலையீட்டையும் கடிந்துரைக்கின்றது. 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட பழியையும் அவர்மேற் சாட்டுகின்றது. அக்கொடுமையால் மக்கள் உற்ற துயரம் மறுக்கொணாதது. எனினும், பிள்ளையின் பதவி உயர்வை எதிர்த்தவர் இவ்வம்மையார் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஒருவரை அவருடைய பகைவரின் ஏட்டிலிருந்து மட்டுமே அறிய நேர்வது, அறிவோர்க்கும் நன்றன்று, அறியப்படுவோர்க்கும் நன்றன்று.

கணவரின் வாயிலாகக் கிட்டிய அதிகாரம் அவரோடே நீங்கிற்று. 1754-இல் துய்ப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். 1756-இல், தாம் பிறவாத நாட்டின் தலைநகரான பாரிசில் ழான் காலமானார்.

பிரெஞ்சுக்காரர் அவரைத் தம்மவர் என்றனர். தமிழர் அந்நியர் என்றனர். இரண்டிலும் ஒரு பகுதி உண்மையே உண்டு. அவரைப் புகழ்தலும் வேண்டா. பழி முழுவதையும் அவர் தலையிலேயே ஏற்றுதலும் வேண்டா. கோட்டைகளை ஆண்ட ஆடவரைத் தூக்கிய அதே தராசில் அவரையும் வைத்துத் தூக்குவதே வரலாற்று நீதியாகும்.