பெண் தனியே கடல் கடந்தால்



நாமக்கல் லாரிக்காரர் மாதக்கணக்கில் வடநாடு சுற்றி வந்தால் "சம்பாதிக்கப் போனான்" என்கின்றோம். சேலத்துப் பெண்ணொருத்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குத் தனியே போவதென்றால் மாத்திரம் "மானம் என்னாவது?" என்கின்றோம். இது என்ன நியாயம்?

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. அங்குள்ள "கபாலா" முறைப்படி அவள் தங்கும் உரிமை எஜமானன் கையில். கொடுமை தாங்காமல் வெளியேறினால் அவளே குற்றவாளி! பாஸ்போர்ட்டை எஜமானன் பிடுங்கி வைக்கக் கூடாதென்று குவைத்தே 2015-இல் சட்டம் செய்திருக்கிறது. அதை அறியாத பெண்ணுக்குச் சட்டம் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?

நமது இந்திய சர்க்கார் செய்ததென்ன? பத்தாவது தேறாத பெண், 30 வயது நிரம்பாவிட்டால் அந்நாடுகளுக்கு வேலைக்குப் போகக் கூடாதென்று விதித்தது. பலன்? ஏஜெண்டு அவளைச் சுற்றுலா விசாவில் ஏற்றி விடுகிறான்; பதிவுமில்லை, ஒப்பந்தமுமில்லை. வாசலை அடைத்தால் வயிற்றுப்பசி கொல்லை வழியே போகும்!

ஆகவே, போகிறவளைத் தடுக்க வேண்டாம். தெரிந்து போகச் செய்வோம். ஏஜெண்டு பதிவு பெற்றவனா என்று பார்ப்போம். 1978-இல் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்படுத்திய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிப்போம். ஒப்பந்தத்தின் நகல் வீட்டிலும், தூதரகத்தின் டெலிபோன் நம்பர் அவள் மனத்திலும் இருக்கட்டும்.

பெண்ணுக்குக் காவல் பூட்டல்ல, தோழர்களே! படிப்பும், சட்ட அறிவும், தன் பாஸ்போர்ட் தன் கையில் இருப்பதுமேயாகும்.