முழங்கை நோவும் எமது அன்றாட வேலைகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எம்மில் ரெனிஸ் மட்டையைப் பிடித்தவர்கள் மிகச் சிலரே. பாடசாலையில் நாம் ஆடியது வலைப்பந்து. ஆனாலும் ‘ரெனிஸ் எல்போ’ எனப்படும் முழங்கை நோவு எம் வயதினரைத்தான் அதிகம் தேடி வருகிறது. 35 முதல் 54 வயது வரை இது கூடுதலாகக் காணப்படும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ரெனிஸ் ஆடியவர்களிடம் கண்டதால் இந்தப் பெயர் வந்தது. இன்று இதனால் வருந்துவோரில் பெரும்பாலானோர் ரெனிஸ் ஆடாதவர்கள்.

இப்போது எல்லோரும் வலக்கையை இறுக்கிப் பொத்துங்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே, மேற்புறத்தில், இடக்கை விரல்களை வைத்துப் பாருங்கள். ஒரு தசை இறுகுவது தெரிகிறதல்லவா? எதைப் பற்றிப் பிடித்தாலும் மணிக்கட்டை நிமிர்த்தி வைத்திருப்பது அந்தத் தசைக் கூட்டமே. அதன் நாண் முழங்கையின் வெளிப்புற எலும்பில் பொருந்தியிருக்கிறது. வேலை மணிக்கட்டில்; நோவு முழங்கையில்.

தேங்காய் திருவுதல், இடியப்பம் பிழிதல், துணி முறுக்குதல், கரும்பலகையில் எழுதுதல், நாள் முழுதும் கணினி, கனடாவில் பனி அள்ளுதல்: எல்லாம் அந்த நாணையே இழுக்கின்றன. பழக்கமில்லாத அளவுக்கு வேலை திடீரெனக் கூடும்போது நாண் நைந்துபோகிறது. பிறகு கேத்திலைத் தூக்கவும், கைலாகு கொடுக்கவும் நோகிறது. நெடுங்காலம் இது அழற்சி என்றே கருதப்பட்டது. நாண் நைந்து, சரியாக ஆறாமல் இருப்பதே முக்கிய காரணம் என்பது இன்றைய விளக்கம்.

“ஒரு ஊசி போட்டு மாற்றிவிடுங்கோ டொக்டர், வீட்டில் வேலை கிடக்கு” என்று கேட்கும் பெண்களை நாம் அடிக்கடி காண்கிறோம். ஸ்டீரொயிட் ஊசி சில வாரங்களுக்கு நோவைத் தணிக்கும். ஆனால் 2013 இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், அந்த ஊசி போட்டவர்களில் 54 சதவீதமானோருக்கு ஓராண்டுக்குள் நோவு திரும்பியது. மருந்தில்லா ஊசி போட்டவர்களில் அது 12 சதவீதம் மட்டுமே.

அப்படியானால் என்ன செய்வது? நோவைக் கூட்டும் வேலைகளைக் குறைப்போம். கையை முற்றாக முடக்க வேண்டாம். பாரத்தை உள்ளங்கை மேல்நோக்கியிருக்கத் தூக்குவோம். முழங்கைக்குக் கீழே கட்டும் பட்டியும், பூசும் மருந்தும் சிலருக்கு உதவும். முக்கியமானது பயிற்சி. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, கையை விளிம்புக்கு வெளியே விடுங்கள். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, மற்றக் கையின் உதவியுடன் மணிக்கட்டை உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். நாளொன்றுக்கு 15 தடவைகள் வீதம் மூன்று முறை. பாரமாயிருந்தால் வெறுங்கையுடன் தொடங்கலாம். சிறு நோவு பரவாயில்லை. மறுநாள் காலையிலும் கூடுதலாயிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் செல்லலாம். பெரும்பாலானோர் ஓராண்டளவில் சுகமடைகிறார்கள். சத்திரசிகிச்சை வெகு சிலருக்கே தேவைப்படும்.

விரல்கள் விறைத்தால், கழுத்திலிருந்து நோவு இறங்கினால், மூட்டு வீங்கிச் சிவந்தால், விழுந்தபின் நோவு வந்தால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள்.

இறுதியாக ஒன்று. “கலியாணம் முடியட்டும், பிள்ளையின் சோதனை முடியட்டும்” என்று எமது நோவை நாமே பின்தள்ளுகிறோம். ஓய்வு என்று எழுதிக் கொடுப்பது வைத்தியருக்கு இலகு. அதைக் கொடுக்க வேண்டியது வீடு. தேங்காய் திருவ மகனுக்கும் இரண்டு கைகள் உண்டு. கேட்போம், சகோதரிகளே. கூச்சப்படாமல் கேட்போம்.