தெருவுக்குக் குழாய் வந்தாச்சு, கொல்லைக்கு யார் காசு?

(நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளின் கிராம சபைத் தயாரிப்புக் கூட்டத்தில் நமது மாவட்டச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் பேசப்போற விஷயம் மேடையில யாரும் பேச விரும்பாத விஷயம். கக்கூஸ் தண்ணி எங்க போகுது, அதுக்கு யார் காசு கட்டுறது. முகம் சுளிக்காம கேளுங்க.

நம்ம ஊராட்சிகளை நகராட்சியோட, மாநகராட்சியோட சேர்க்குறாங்க. சேர்த்தா 100 நாள் வேலை போயிடும், வீட்டு வரி ஏறும்னு நாம போராடினோம். "பதிலுக்குப் பாதாள சாக்கடை வருமே"ன்னு சொன்னாங்க. வரட்டும். நாம அதுக்கு எதிரி கிடையாது. ஆனா வந்தா என்ன செலவுன்னு ஒருத்தரும் சொல்லலை. அதை நாம சொல்லுவோம்.

மெயின் குழாயும் ஆள் இறங்கு குழியும் அரசாங்கச் செலவு. சரி. அங்கேருந்து வீட்டுக்கு இணைப்பு வாங்கணும்னா முதல்ல டெபாசிட். வீட்டோட சதுர அடியைப் பார்த்துப் போடுவாங்க. ரோட்டை வெட்டினா அதுக்குத் தனிக் கட்டணம் பல ஊர்ல உண்டு. அப்புறம் மாசா மாசம் பராமரிப்புக் கட்டணம். இதெல்லாம் ரசீதுல வரும் செலவு. ரசீதுல வராத செலவுதான் குடும்பத்தைச் சாய்க்குது.

நம்ம வீடுகள் எப்படி இருக்கு? முன்னாடி திண்ணை, நடுவுல கூடம், பின்னாடி கொல்லை. கக்கூஸ் கொல்லையில. தூய்மை பாரத்துல 12,000 ரூபாய் வாங்கிக் கட்டினோமே, அதுவும் பெரும்பாலும் கொல்லையிலதான். ஆனா பாதாள சாக்கடைக் குழாய் போறது தெருவுல, வாசல் பக்கம். அப்போ கொல்லையிலேருந்து வாசலுக்கு நாலு இன்ச் பைப் வரணும். பக்கத்துல சந்து இருந்தா பிழைச்சோம். இல்லேன்னா கூடத்துச் சிமெண்ட் தரையை உடைக்கணும். சாமி மாடத்துக்கு முன்னாடி பள்ளம் தோண்டணும். கொத்தனார் கூலி, பிளம்பர் கூலி, பைப், சேம்பர், திரும்பத் தரை போடுறது, எல்லாம் நம்ம தலையில.

இன்னொன்னும் இருக்கு. ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாம மேலயே போட்டுப் போட்டு, நம்ம வாசல் பள்ளமாயிடுச்சு. மழை பெஞ்சா தண்ணி உள்ள வருது, அது எல்லாருக்கும் தெரியும். சாக்கடைத் தண்ணிக்குச் சரிவு வேணும், அது மேடேறிப் போகாது. பள்ளத்துல இருக்குற வீட்டுக்காரர் கக்கூஸையே இடிச்சு உசத்திக் கட்டினாதான் இணைப்பு. ரோட்டை உசத்தினது யாரு, செலவு யாருக்கு?

கணக்கு பாருங்க. 2025-26ல தமிழ்நாட்டுக்கு 100 நாள் வேலைக் கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை குடுத்தாக்கூட 33,600 ரூபாய். நூறு நாள் எங்க குடுத்தாங்கங்கறது வேற கதை. இந்தக் காசுல அரிசி பருப்பு வாங்கணுமா, கூடத்தை உடைக்கணுமா? அதனாலதான் தெருவுல குழாய் போட்ட பிறகும் பல வீடு இணைப்பு வாங்காம நிக்குது. "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு அதிகாரிங்க சொல்றாங்க. விழிப்புணர்வு நிறைய இருக்கு சார், காசுதான் இல்லை.

தண்ணியையும் பாருங்க. ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். பாதாள சாக்கடை இருக்குற ஊருக்கு 135 லிட்டர் வேணும்னு மத்திய அரசோட கையேடே சொல்லுது. அஞ்சு பேர் குடும்பத்துக்கு 275 லிட்டர் குடுத்துட்டு, 675 லிட்டர் ஓட வேண்டிய குழாயை வெச்சா அது அடைக்காம என்ன பண்ணும்? அடைச்சா எடுக்கப் போறது யாரு? மனிதக் கழிவை மனுஷன் அள்ளக் கூடாதுன்னு 2013ல சட்டம் வந்தாச்சு. சாக்கடைக் குழியில இறங்கி இறந்தா குடும்பத்துக்கு 30 லட்சம்னு 2023ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. இன்னும் நம்ம பிள்ளைகளைத்தானே இறக்குறாங்க.

சென்னையைப் பார்த்துப் பாடம் படிக்கணும். 2011ல 25 கிராம ஊராட்சிகளை மாநகராட்சியோட சேர்த்தாங்க. அதுல ஒண்ணான மடிப்பாக்கத்துல பத்து வருஷம் கழிச்சும் பாதாள சாக்கடைக்குத் தெருவைத் தோண்டிக்கிட்டு இருந்தாங்க. அதுவரைக்கும் செப்டிக் டேங்க் லாரிக்குக் காசு அழுதது அந்த ஜனங்கதான்.

எல்லா ஊருக்கும் பாதாள சாக்கடை வேணும்னும் நான் சொல்லலை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்குற ஊர்ல ஒரு வீட்டுக்காக நூறு அடி குழாய் போடுறது வீண். அங்க செப்டிக் டேங்கை ஒழுங்காக் கட்டி, லாரியில எடுத்து, கழிவைச் சுத்திகரிக்குற நிலையம் வெச்சா போதும். மதுராந்தகம் பக்கத்துல கருங்குழியில அப்படி ஒரு நிலையம் இருக்கு. போய்ப் பார்த்துட்டு வாங்க.

நம்ம கோரிக்கை இதுதான். டெபாசிட்டை ஒரே தடவையில கேட்காதே, வீட்டு வரியோட தவணையா வாங்கு. ரோடு வெட்டுற காசைத் திட்டச் செலவுலயே சேர்த்துக்கோ. குடிசை, ஓட்டு வீடு, தொகுப்பு வீடு, இவங்களுக்குக் கொல்லையிலேருந்து வாசல் வரைக்கும் பைப் போட்டுத் தரையை மூடிக் குடுக்கறதும் திட்டத்தோட வேலை. இதெல்லாம் எழுத்துல வர்றதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்து மிரட்டாதே.

அடுத்த கிராம சபை நவம்பர் 1. அதுக்குள்ள கிளைத் தோழர்கள் வீடு வீடாப் போங்க. கையில ஒரு டேப் எடுத்துக்கோங்க. கொல்லையிலேருந்து வாசலுக்கு எத்தனை அடி, வாசல் ரோட்டை விட எவ்வளவு பள்ளம், வீட்டுல எத்தனை பேர், குழாயில எத்தனை குடம் தண்ணி வருது, இந்த நாலையும் நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. அந்த நோட்டைக் கிராம சபையில வெச்சுத் தீர்மானமாப் பதிவு பண்ணச் சொல்லுங்க. மினிட் புக்குல ஏறுனதுக்கு அப்புறம்தான் எந்திரிக்கணும். சேலையூருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல இருக்குற கிளைகள் நோட்டுப் புத்தகத்தை இன்னைக்கே ஒன்றிய அலுவலகத்துல வாங்கிக்கலாம்.