சாமிக்குக் கால்



சாமி புறப்பாட்டுக்குப் போனால் அலங்காரத்தைப் பார்ப்போம், நாகசுரத்தைக் கேட்போம். பல்லக்குக்குக் கீழே நகரும் கால்கள் கண்ணில் படுவதே இல்லை. சிவன் கோயிலில் சீர்பாதம் தாங்கிகள், பெருமாள் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்கிகள் என்கிறோமே, அவர்களுடைய கால்கள்.

திருவாரூர்த் தியாகராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். பூவும் பட்டும் மூடி, முகம் மட்டுமே தெரியும். பாத தரிசனம் மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான். ஆனால் அவர் ஆடுகிற கடவுள்! காலே தெரியாதவர் ஆடுவதை எதில் பார்ப்பது? தூக்குகிறவர்களின் உடம்பில்தான். அங்கே அஜபா நடனம். திருமால் தம் மார்பில் வைத்துப் பூசித்தபோது, அவர் மூச்சு ஏறி இறங்க, தியாகராஜரும் அசைந்தார் என்பது ஐதீகம். அஜபா என்றால் வாயால் செபிக்காதது. அத்தனை கனத்தையும் பல பேர் சேர்ந்து, ஒரே ஆள் மூச்சு விடுவதுபோல அசைக்க வேண்டும். ஒருவர் முழங்கால் சற்று முந்தினாலும் மூச்சு விக்கலாகிவிடும்.

திருவாரூரையும் சேர்த்து, தியாகராஜர் வீற்றிருக்கும் சப்தவிடங்கத் தலங்கள் ஏழுக்கும் ஏழு நடனம். நாகப்பட்டினத்தில் கடலலை, திருக்குவளையில் வண்டு, வேதாரண்யத்தில் அன்னம், திருநள்ளாற்றில் பித்தன். எனக்குப் பிடித்தது திருக்காறாயிலின் குக்குட நடனம். தெய்வத்துக்குக் கோழிநடை கொடுக்க ஓர் ஊருக்குத் தைரியம் வேண்டும், இல்லையா?

திருவரங்கத்தில் உற்சவரான நம்பெருமாள் எழுந்தருளும் பல்லக்குக்குத் தோளுக்கினியான் என்று பெயர். காய்த்துப்போன தோள்களைப் பார்த்தால் அந்தப் பெயர் குறும்பாகக்கூடத் தோன்றும். கருவறையிலிருந்து புறப்படும்போது சிம்மகதி: குகையை விட்டு வரும் சிங்கம் இருபுறமும் நோட்டம் விடுவதுபோல.

இதெல்லாம் ஏட்டில் படித்து வருவதல்ல. முன்னால் போகிறவரின் பிடரியும் இடுப்பும்தான் பாடம். தண்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று கண்ணுக்கு முன்பே தோளுக்குத் தெரிந்துவிடும். பல ஆண்டுப் பழக்கத்தில் எலும்பில் ஊறிய பக்தி அது.

இப்போது சில ஊர்களில் டயர் வைத்த வண்டியில் சாமி வருகிறார். தூக்க ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள், நியாயம்தான். ஆனாலும் டயர் கோழிநடை நடக்காது.

முன்தண்டு தாங்குகிறவர் சாமிக்கு முதுகைக் காட்டித்தான் நடக்கிறார். தீபாராதனையின்போது ஊரே கைகூப்பும். அவர் கை தண்டில் இருக்கும். ஒருமுறை அப்படி ஒருவர் தண்டின்மேல் கன்னத்தை ஒற்றியதைப் பார்த்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டாரா, கும்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.