குளிர்கால வெனிஸ்: காற்றும் ஓதமும்

வெனிஸ் நகரம் அட்ரியாட்டிக் கடலின் வடமுனையில், ஏறக்குறைய 550 சதுர கிலோமீட்டர் பரந்த ஆழமற்ற காயலின் நடுவே, நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின் மேல் கட்டப்பட்டது. கோடையில் வருகிற பயணிக்கு அங்கே கூட்டம்தான் பெரும்பாடு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வருபவர் காற்றின் திசையையும் கடலின் ஏற்றத்தையும் விசாரித்துக்கொண்டுதான் வெளியே கிளம்ப வேண்டும். ஊர்க்காரர்களின் பழக்கமும் அதுவே. ஆகவே அந்த நகரத்தை அதன் மக்கள் அறிந்திருப்பதுபோல அறிய நினைப்பவருக்குக் குளிர்காலமே ஏற்ற பருவம்.

ஜனவரியில் பகல் வெப்பம் 7 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். இரவில் பூஜ்யம் வரை இறங்கும். ஐரோப்பாவில் இது பெரிய குளிரில்லை. ஆனால் நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்திருப்பதால் ஈரம் எலும்பு வரை போகிறது. பனிப்பொழிவு அபூர்வம். 1709ஆம் ஆண்டு ஜனவரியிலும் 1929 பிப்ரவரியிலும் காயலே உறைந்து, மக்கள் அதன் மேல் நடந்து போனார்கள் என்பது விதிவிலக்கு. டிசம்பரில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பார்க்க வேண்டியதைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

குளிர்காலத்தை ஆள்பவை இரண்டு காற்றுகள். வடகிழக்கிலிருந்து வரும் போரா குளிர்ந்த, வறண்ட காற்று. அது வீசும் நாட்களில் வானம் துல்லியமாகத் தெரியும். தென்கிழக்கிலிருந்து வரும் சிரோக்கோ வெதுவெதுப்பானது, உடம்புக்கு இதமானது. ஊர்க்காரர்கள் அஞ்சுவதோ இதற்குத்தான். அட்ரியாட்டிக் நீண்டு ஒடுங்கிய கடல். நீளம் சுமார் 800 கிலோமீட்டர். சிரோக்கோ அதன் முழு நீளத்துக்கும் வீசித் தண்ணீரை வடமுனைக்குத் தள்ளுகிறது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். அமாவாசை, பௌர்ணமி ஓதமும் இவற்றோடு சேர்ந்துகொண்டால் நீர் கால்வாய்க் கரைகளைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடுகிறது. இதை அங்கே ஆக்குவா ஆல்டா என்கிறார்கள். காற்று நின்ற பிறகும் ஆபத்து விலகுவதில்லை: தாம்பாளத்தில் சாய்ந்த தண்ணீர் மறுபக்கம் போய்த் திரும்புவதுபோல, கடல் சுமார் 22 மணி நேரத்துக்கு ஒருமுறை அலைந்து மீள்கிறது.

இந்த வெள்ளத்தைச் சொல்லும் எண்களில் வெளியூர்க்காரர் தடுமாறுவது வழக்கம். வானொலியில் 110 சென்டிமீட்டர் என்று கேட்டவுடன் நெஞ்சளவு தண்ணீர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அளவு 1897இல் புன்டா டெல்லா சலூத்தே என்ற முனையில் குறித்த கடல்மட்டத்திலிருந்து எண்ணப்படுவது, தரையிலிருந்து அல்ல. நகரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்றான சான் மார்க்கோ சதுக்கத்தில் 80 சென்டிமீட்டரில் நீர் பரவத் தொடங்கும். 110 என்றால் அங்கே முழங்காலுக்குக் கீழ்தான்; நகரத்தின் எட்டில் ஒரு பங்கு நனையும். 140ஐத் தொட்டால் பாதிக்கு மேல் நீரில் நிற்கும். அந்த 1897இன் மட்டத்தை விட இன்றைய சராசரி மட்டமே 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது. கடல் ஏறியது ஒரு காரணம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கரையோரத் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தரை தாழ்ந்தது இன்னொன்று.

நீர் ஏறும் என்றால் நகராட்சியின் ஓத மையம் சில மணி நேரம் முன்பே அபாயச் சங்கை ஒலிக்கும். முதலில் ஒரு நீண்ட ஊளை. பின்னால் வரும் ஒலிதான் செய்தி. ஒரே சுரம் என்றால் 110, இரண்டு என்றால் 120, மூன்று 130, படிப்படியாக ஏறும் நான்கு சுரம் 140க்கு மேல். சங்கு கேட்டதும் கடைக்காரர்கள் வாசற்காலின் இருபுறத் தடங்களில் முழங்காலுயர உலோகப் பலகையை இறக்குகிறார்கள். அதன் ஓரங்களில் ரப்பர் பட்டை இருக்கும், நீர் கசியாது. கீழ்த்தட்டுச் சரக்கு மேல்தட்டுக்கு ஏறுகிறது. ‘லிப்ரேரியா ஆக்குவா ஆல்டா’ என்ற புத்தகக் கடையிலோ குளியல் தொட்டிகளிலும் ஒரு பழைய கொண்டோலாப் படகிலும்தான் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன.

முக்கியப் பாதைகளில் இரும்புக் கால்களின் மேல் மரப்பலகைகளைப் போட்டு நடைமேடை அமைக்கிறார்கள். அதில் வலப்புறம் ஒதுங்கி, நிற்காமல் நடக்க வேண்டும். படம் எடுக்க ஒருவர் நின்றால் பின்னால் அலுவலகம் போகிறவர்கள் எல்லாரும் நிற்க வேண்டியதாகும். 120க்கு மேல் பலகைகளே மிதக்கும் என்பதால் அவற்றை எடுத்துவிடுவார்கள். வபொரெட்டோ என்னும் பயணிகள் படகுகளில் சில, பாலத்துக்கு அடியில் நுழைய இடமின்றித் தடம் மாறிப் போகும். பயணிக்குத் தேவை முழங்கால் உயர ரப்பர் பூட்சும் கொஞ்சம் பொறுமையும்தான். ஓதம் ஏறி இறங்கச் சில மணி நேரமே. காலையில் மூழ்கிய சதுக்கம் பெரும்பாலும் மதியத்துக்குள் வடிந்துவிடும்.

எல்லா வெள்ளமும் அப்படி வடிந்ததில்லை. 1966 நவம்பர் 4 அன்று நீர் 194 சென்டிமீட்டரை எட்டியது. பதிவானவற்றில் அதுவே உச்சம். 2019 நவம்பர் 12 இரவு 187. உப்பு நீர் செங்கலுக்குள் ஏறிக் காய்ந்ததும் உப்பு படிகமாகி, செங்கலை உள்ளிருந்தே பிளக்கிறது. பழைய கொத்தர்கள் அடித்தளத்தில் நீர் புகாத இஸ்திரியக் கல்லை வைத்தது இதற்காகத்தான். இப்போது கடல் அந்தக் கல்வரிசையைத் தாண்டிச் செங்கலைத் தொடுகிறது. அரண்மனைச் சுவர்களில் பாசி படிந்த பச்சைக் கோட்டைப் பார்த்தாலே இது விளங்கும்.

இதற்கு விடையாக எழுந்தது மோசே திட்டம். காயல் கடலோடு சேரும் லிடோ, மலமோக்கோ, கியோஜா ஆகிய மூன்று வாய்களிலும் 78 உலோக மதகுகள் கடல் தரையில் நீர் நிரம்பிப் படுத்திருக்கின்றன. உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்தினால் நீர் வெளியேறி, மதகு எழுந்து கடலை மறிக்கும். 2003இல் தொடங்கிய வேலை ஊழல் வழக்குகளால் இழுத்துக்கொண்டே போனது. 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக உண்மையான ஓதத்தை மறித்தபோது, வெளியே கடல் 130க்கு ஏறியும் சதுக்கம் உலர்ந்தே கிடந்தது. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று முன்கணிப்பு குறைவாக வந்ததால் மதகுகளை எழுப்பவில்லை. நகரம் 138 சென்டிமீட்டர் நீரில் மூழ்கியது. இன்று 110ஐத் தாண்டும் என்று கணித்தால் மதகுகள் எழுகின்றன. ஆகவே பெருவெள்ளம் பயணியின் கண்ணில் படுவது குறைந்துவிட்டது. 80க்கும் 110க்கும் இடைப்பட்ட நீர் மட்டும் இன்றும் சதுக்கத்துக்கு வருகிறது. சான் மார்க்கோ பேராலயத்தை 2022 முதல் கண்ணாடித் தடுப்பு காக்கிறது. மதகு மூடும்போதெல்லாம் கப்பல்கள் காத்திருக்கின்றன. சதுப்புத் திட்டுகளுக்குக் கடல் கொண்டுவரும் வண்டலும் குறைகிறது. நகரைக் காக்கும் மதகு காயலை நலியச் செய்யக்கூடும் என்ற கவலை நியாயமானது.

ஜனவரி, பிப்ரவரியில் காற்றழுத்தம் உயர்ந்து நிற்கும் நாட்களில் நேர்மாறாக நடக்கும். கடல் வற்றிச் சிறு கால்வாய்களின் சேறு தெரியும். கொண்டோலாக்கள் தரைதட்டி நிற்கும். காற்று அடங்கிய இரவுகளுக்குப் பின் மூடுபனி இறங்கும். காயலில் வழிகாட்டும் மரத்தூண்களில் அடுத்தது தெரியாமல் படகுகள் ரேடார் கொண்டு மெதுவாகப் போகின்றன. பயணத் திட்டம் குலையும், உண்மைதான். ஆயினும் வண்டி ஓசையே இல்லாத அந்த ஊரில் காலடியும் துடுப்பும் மணியும் தனித்தனியே கேட்கும் நாள் அதுதான். அதைத் தவறவிடக் கூடாது.

பருவத்தின் முதல் பெருவிழா நவம்பர் 21. 1630-31இல் கொள்ளைநோய் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைக் கொண்டுபோனது. அப்போது நேர்ந்துகொண்டு எழுப்பியதே சலூத்தே ஆலயம். அந்நாளையொட்டிப் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைப்பார்கள். ஊரே மெழுகுவத்தியோடு நடந்துபோகும். உப்பிட்டுப் பதப்படுத்திய ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சேர்த்துக் கொதிக்கவைத்த ‘கஸ்த்ரதீனா’ அன்றைய உணவு. ஜனவரி 6 அன்று மூத்த படகோட்டிகள் பெஃபானா என்ற கிழவியின் வேடத்தில் போட்டியிட்டுத் துடுப்பு வலிக்கிறார்கள். கடைசியாகக் கார்னிவல்: 1797இல் குடியரசு வீழ்ந்தபின் ஒடுங்கி, 1979இல் புத்துயிர் பெற்ற முகமூடித் திருவிழா. அந்த நாட்களில் கூட்டம் கோடைக்குச் சமம், அறை வாடகையும் அப்படியே. அமைதியை நாடுபவர் ஜனவரியிலேயே வந்து போவது மேல். உலர்திராட்சை சேர்த்துப் பொரித்த ‘ஃப்ரிட்டோலே’ உருண்டைகள் கார்னிவல் முடியும்வரை இனிப்புக் கடைகளில் குவிந்திருக்கும். சாம்பல் புதன் வந்ததும் தவக்காலம் தொடங்கி, அவற்றின் விற்பனையும் ஓய்ந்துவிடும்.