தாழ்ந்த வெப்பமும் மெய்யான திறனும்

(உரையின் எழுத்து வடிவம்)

வெந்நீர் ஊற்று, வெயிலில் சூடேறிய கடல்நீர், ஆலைப் புகைபோக்கி ஆகியவை தரும் வெப்பத்திற்கு விலை இல்லை. ஆனால் அதை மின்சாரமாக்கும் எஞ்சினுக்கு விலை உண்டு. ஆகவே அந்த எஞ்சின் மெய்யாக எவ்வளவு தரும் என்று முன்கூட்டியே கணிப்பது திட்டமிடுவோரின் முதற்கடமையாகும்.

வெப்ப எஞ்சினின் திறனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதை 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ நிறுவினார். வெப்ப மூலத்துக்கும் குளிர்ப்பகுதிக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாடு குறையக் குறைய அவ்வரம்பும் தாழும். ஆயினும், அவ்வரம்பை எட்டும் எஞ்சின் முடிவில்லா மெதுவாக இயங்க வேண்டும். அதனால் பயன் ஏதும் இராது. வெப்பம் உலோகச் சுவர்களைக் கடக்கும்போதே வேறுபாட்டின் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. 1975இல் கர்சன், ஆல்போர்ன் என்னும் இரு இயற்பியலாளர்கள் இதனையும் சேர்த்து, எஞ்சின் மிகுந்த ஆற்றல் தரும் நிலையில் அதன் திறனைக் கணித்தனர். இத்தாலியின் லார்டரெல்லோ புவிவெப்ப நிலையத்தை அவர்கள் எடுத்துக்காட்டினர். அங்கு நீராவி 250 பாகை, கழிவு வெப்பம் 80 பாகை. கார்னோ வரம்பு 32 விழுக்காட்டுக்குச் சற்று மேல். புதிய கணிப்பு ஏறத்தாழ 18. கண்டறிந்த திறனோ 16.

இதே கணக்கைக் கடலுக்குப் பொருத்துவோம். மேற்பரப்பு நீர் 28 பாகை, ஆழ்கடல் நீர் 7 பாகை எனில், கார்னோ வரம்பு 7 விழுக்காடு. மெய்யான கணிப்பு ஏறத்தாழ 3.5. இதிலும் ஒரு பகுதியைப் பம்புகள் உண்டுவிடும். எனவே, சிறிதளவு மின்சாரத்திற்கும் மாபெரும் வெப்பமாற்றிகளும் நீண்ட குழாயும் தேவை. தூத்துக்குடிக்கு அப்பால் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் திட்டமிட்ட 1 மெகாவாட் மிதவை நிலையம், குளிர்நீர்க் குழாயைக் கடலில் இறக்குவதில் ஏற்பட்ட இடர்களால் நிறைவேறவில்லை.

அதே கழகம் 2005இல் இலட்சத்தீவுகளின் கவரத்தியில் வேறு வழி கண்டது. மேற்பரப்பு நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழ்நீரின் குளிர்ச்சியால் அந்த ஆவியை நன்னீராக்கும் நிலையம் அது. நாளொன்றுக்கு 1 இலட்சம் லிட்டர் தரவல்லது. பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும் என்பது மெய்யே. எனினும், உவர்ப்பு ஏறிய கிணறுகளை நம்பியிருந்த தீவு மக்களுக்குக் குடிநீர் கிடைத்தது. 2011இல் மினிக்காய், அகத்தி தீவுகளும் இப்பயனைப் பெற்றன.

வெப்பம் இலவசம் என்பதால் திட்டமும் மலிவு என்று கருதலாகாது. மெய்யான திறனை முதலில் கணித்து, அவ்வெப்பம் மின்சாரத்திற்கு ஏற்றதா, வேறு தேவைக்கு ஏற்றதா என்று தெளிந்த பின்னரே பொதுப்பணத்தைச் செலவிடுதல் வேண்டும்.