பூண்டும் வைரமும் காந்தக்கல்லும்

மறுமலர்ச்சிக் காலத்து ஐரோப்பாவில் ‘இயற்கை மாந்திரிகம்’ என்று வழங்கிய துறை, பேய்களை ஏவும் பில்லி சூனியத்திலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு, கல், மூலிகை, உலோகம் ஆகியவற்றில் இயல்பாகவே உறைந்திருப்பதாகக் கருதப்பட்ட ஆற்றல்களை அறிந்து, வியத்தகு விளைவுகளை உண்டாக்கும் கலையாகத் தன்னை முன்வைத்தது. விளைவு கண்ணுக்குத் தெரிய, காரணம் மட்டும் புலன்களுக்கு எட்டாது நிற்கும் இவ்வாற்றல்களை ‘மறைபண்புகள்’ என்றனர். இரும்பை இழுக்கும் காந்தக்கல்லே அதற்கு அவர்கள் தவறாமல் காட்டிய சான்று.

நேப்பிள்ஸ் அறிஞர் ஜாம்பத்திஸ்தா டெல்லா போர்த்தா 1558இல் நான்கு பகுதிகளாக வெளியிட்டு, 1589இல் இருபது பகுதிகளாக விரித்த ‘இயற்கை மாந்திரிகம்’ என்னும் லத்தீன் நூலில், ஒட்டுக்கட்டுதல், வாலை வடித்தல், சமையல், போலி மணிகள், மறையெழுத்து, ஆடிகள் என எல்லாம் கலந்து கிடக்கின்றன. இக்கலவையைக் கண்டு நூலையே ஒதுக்குவது அவசர முடிவாகும். பூண்டு தின்ற மாலுமியின் மூச்சுப் பட்டால் திசைகாட்டி கெடும் என்ற நம்பிக்கையை, பூண்டை மென்று காந்தக்கல்லின் மீது ஊதியும், அதன் சாற்றைக் கல் முழுவதும் பூசியும் சோதித்து, கல்லின் ஆற்றல் சற்றும் குன்றவில்லை என்று போர்த்தா எழுதினார். புளுட்டார்க் முதலான பழைய ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த ஒன்றை, வீட்டு அடுக்களையில் கிடைக்கும் பொருளைக் கொண்டே ஒருவர் கையால் சோதித்துத் தள்ளிய இந்தச் செயலே, அத்துறை பின்வந்த அறிவியலுக்கு விட்டுச்சென்ற மெய்யான செல்வம்.

ஆயினும், வைரத்தில் தேய்த்த இரும்பு ஊசி வடக்கு நோக்கித் திரும்பும் என்றும் அதே நூலில் அவர் உறுதிபடக் கூறினார். 1600இல் லண்டனில் காந்தம் பற்றிய தம் நூலை வெளியிட்ட மருத்துவர் வில்லியம் கில்பர்ட், பலர் முன்னிலையில் 75 வைரங்களைக் கொண்டு இதைச் சோதித்து, ஒன்றுகூட ஊசியை அவ்வாறு திருப்பவில்லை என்று மறுத்தார். இருவருமே செய்து பார்த்தவர்கள்தாம். ஆனால் போர்த்தா நேப்பிள்சில் கூட்டிய அவையின் பெயரே ‘மறைபொருள்களின் அவை’, புதிய மறைபொருள் ஒன்றைக் கண்டறிந்தவரே அதில் சேர முடியும். கில்பர்ட்டோ எண்ணிக்கையையும் சாட்சிகளையும் சேர்த்தே எழுதினார். அறிந்ததை மறைத்துக் காப்பதிலிருந்து, பிறர் காணச் செய்து காட்டுவதற்கு நகர்ந்த இம்மாற்றமே, புதிய கருவிகளின் வரவினும் முதன்மையானதாகக் கொள்ளத்தக்கது.

இந்த நகர்வு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ரோமில் 1603இல் தோன்றிய லின்சேய் அவை, 1610இல் முதுமையில் இருந்த போர்த்தாவையும், 1611இல் கலிலியோவையும் தன் உறுப்பினராக்கியது. 75 வைரங்களால் போர்த்தாவை மறுத்த கில்பர்ட்டும், பூமியே ஒரு பெருங்காந்தம் என்று அதே நூலில் நிறுவியபின், அக்காந்த ஆற்றல் உயிருள்ளது, அல்லது உயிரை ஒத்தது என்றே எழுதினார்.